பக்சாரில் தோற்ற அவத் எதை இழந்தது?

கேள்வி: "பக்சார் போர் என்றால் வங்காளத்தின் திவானி உரிமை, அதாவது வரி வசூலிக்கும் உரிமை, ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்தது என்றுதான் பள்ளியில் படித்தோம். அந்தப் போரில் தோற்ற அவத் நவாபின் நாட்டைக் கம்பெனி எடுத்துக்கொள்ளவே இல்லை. அப்படியென்றால் அவத்துக்கு அந்தத் தோல்வியால் பெரிய பாதிப்பு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?"

அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. அந்தப் போரால் அதிகம் மாறிப்போன நாடு அவத்தான் என்பேன். வங்காளத்தின் தலையெழுத்து 1757இல் பிளாசிப் போரிலேயே பாதி எழுதப்பட்டுவிட்டது. அவத் அப்படி இல்லை. அது அன்றைக்கு வட இந்தியாவின் பலமான அரசுகளில் ஒன்று. 1764 அக்டோபர் 22ஆம் தேதி, ஒரே பகலில் அது தோற்றது. பத்து மாதம் கழித்து நாடு திரும்பக் கிடைத்தது, நவாபும் பழைய அரியணையில் வந்து உட்கார்ந்தார். ஆனால் இந்த நாட்டை யாருடைய படை காக்கும், அந்தப் படைக்கு யார் சம்பளம் கொடுப்பது என்ற கேள்வி அன்றைக்குக் கிளம்பியது. 1856இல் கம்பெனி நாட்டையே விழுங்கும்வரை அவத் அரசியல் அந்தக் கேள்வியைச் சுற்றியேதான் நடந்தது. அந்தச் சம்பளக் கணக்கைப் பிடித்துக்கொண்டே போனால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

அயோத்தி, அவுத், அவத் என்று நம் புத்தகங்களில் ஒவ்வொருவர் ஒவ்வொரு மாதிரி எழுதுவார்கள். மூன்றும் ஒன்றுதான். மொகலாயப் பேரரசின் ஒரு மாகாணம். 1722இல் சாதத் கான் என்ற பாரசீகப் பிரபு அங்கே ஆளுநராக வந்தார். அவருடைய மருமகன் சப்தர் ஜங், தில்லி பாதுஷாவுக்கே வஜீராக, அதாவது முதலமைச்சராக, உயர்ந்தார். சப்தர் ஜங்கின் மகன்தான் பக்சாரில் தோற்ற சுஜா உத் தவுலா. 1754இல் பட்டத்துக்கு வந்தவர், தலைநகர் பைசாபாத். 1761இல் மூன்றாம் பானிபட் போரில் ஆப்கானிய அரசர் அப்தாலியின் பக்கம் நின்று ஜெயித்தவர். தில்லியிலிருந்து வெளியேறி அலைந்துகொண்டிருந்த பாதுஷா இரண்டாம் ஷா ஆலம் இவருடைய பாதுகாப்பில்தான் இருந்தார். பாதுஷாவையே கையில் வைத்திருந்த ஆள் என்றால் அவருடைய நிலையைப் புரிந்துகொள்ளலாம்.

இவர் ஏன் வங்காளத்துச் சண்டையில் தலையிட்டார்? மீர் காசிமுக்காக. கம்பெனியே 1760இல் வங்காள நவாபாக உட்காரவைத்த மீர் காசிம், கம்பெனிக்காரர்கள் தங்கள் சொந்த வியாபாரத்துக்கும் சுங்கம் கட்டாமல் ஏமாற்றுவதைப் பார்த்துக் கொதித்தார். அவர்களுக்கு இல்லாத சுங்கம் என் மக்களுக்கு மட்டும் எதற்கு என்று 1763இல் உள்நாட்டுச் சுங்கத்தையே மொத்தமாக நீக்கினார். போர் மூண்டது. வரிசையாகத் தோற்று, பட்னாவில் தன் பிடியிலிருந்த ஆங்கிலேயக் கைதிகளைக் கொல்லச் செய்துவிட்டு, மேற்கே ஓடி அவத்தில் அடைக்கலம் புகுந்தார். சுஜாவுக்கு இதில் இரண்டு கணக்கு இருந்தது. ஒன்று, மீர் காசிம் கொண்டுவந்த செல்வம். இரண்டாவது, பீகார் மீது அவர் வைத்திருந்த ஆசை. 1764 வசந்தத்தில் படையோடு பட்னாவரை போனார். அங்கே முடிவு எட்டாமல், மழைக்காலம் வர, கங்கைக்கரையில் பக்சாருக்குப் பின்வாங்கி முகாம் போட்டார். அங்கேயே விருந்தாளியின் கதி மாறியது. சொன்னபடி பணம் தரவில்லை என்று மீர் காசிமின் உடைமைகளைப் பறித்து, போருக்கு முன்பே அவரை முகாமிலிருந்து துரத்திவிட்டார் சுஜா. மீர் காசிம், சுஜா, பாதுஷா என்ற மூன்று பேர் கூட்டணி என்று பாடநூலில் படிப்பது, போர் நாளில் உண்மையில் ஒருவருடைய படைதான்.

எதிர்ப்பக்கத்திலும் எல்லாம் ஒழுங்காக இல்லை. கம்பெனிப் படைக்குப் புதிதாகத் தலைமை ஏற்ற ஹெக்டர் மன்றோவுக்கு முதல் வேலையே சிப்பாய்களின் கலகத்தை அடக்குவதாக இருந்தது. இருபதுக்கும் மேற்பட்ட சிப்பாய்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார். (இந்த மன்றோ, சென்னை அண்ணா சாலையில் குதிரைமேல் சிலையாக இருக்கும் தாமஸ் மன்றோ அல்ல. ஆனால் தமிழ்நாட்டுக்குத் தெரிந்தவர்தான். 1780இல் பொள்ளிலூரில் ஐதர் அலியும் திப்புவும் பெய்லியின் படையை அழித்தபோது, காஞ்சிபுரத்தில் நின்றுகொண்டு உதவிக்குப் போய்ச் சேராமல், தன் பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்பினாரே, அவரேதான்.)

மன்றோ எழுதிவைத்த கணக்குப்படி அவரிடம் இருந்தது 7,072 பேர். அதில் ஐரோப்பியர் 857, சிப்பாய்கள் 5,297, மீதி இந்தியக் குதிரைப்படை. சுஜாவிடம் குறைந்தது 40,000 பேர். ஆப்கானியக் குதிரை வீரர்கள், மொகலாயக் குதிரைப்படை, அனூப்கிர் கோசாயின் தலைமையில் நாகா சாமியார்கள் என்று பலதரப்பட்ட கூட்டம். எல்லாருமே சண்டைக்காரர்கள், கோழைகள் இல்லை. ஆனால் ஒரே கட்டளையில் ஒன்றாக நகரப் பழகாதவர்கள். காலையில் தொடங்கிய போர் நண்பகலோடு முடிந்தது. பின்வாங்கும்போது ஓர் ஓடையின் மேல் போட்டிருந்த படகுப் பாலத்தைச் சுஜா உடைக்கச் செய்தார். தன் ஆட்களே ஏராளமானோர் தண்ணீரிலும் சேற்றிலும் மாண்டார்கள். ஆனால் கஜானாவும் மீதிப் படையும் தப்பின. சுஜா காட்டிய தளபதித் திறமையில் இதுதான் சிறந்தது என்று மன்றோவே எழுதினார்.

போர் முடிந்த கையோடு பாதுஷா ஷா ஆலம் ஆங்கிலேயர் முகாமுக்கு வந்துவிட்டார். சுஜா அப்படி வரவில்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை. மீர் காசிமைப் பிடித்துக்கொடு என்ற நிபந்தனையை அவர் ஏற்கவில்லை. காசி, சுனார் கோட்டை, அலகாபாத், லக்னோ என்று ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போனது. மராட்டியரில் மல்ஹார் ராவ் ஹோல்கரைக் கூட்டிவந்து மறுபடியும் மோதி, 1765 மே மாதம் கோராவில் மறுபடியும் தோற்று, அப்புறம்தான் ஆங்கிலேயரிடம் போனார்.

இந்த இடத்தில்தான் உங்கள் கேள்விக்கான முடிச்சு இருக்கிறது. கல்கத்தாவில் இருந்த கம்பெனி நிர்வாகிகள் முதலில் அவத்தைப் பாதுஷாவுக்கே கொடுத்துவிடுவதாகப் பேசியிருந்தார்கள். அந்தச் சமயத்தில் கிளைவ் இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்தார். அவர் வேறு மாதிரி யோசித்தார். அவத்தை எடுத்துக்கொண்டால் மராட்டியரும் ஆப்கானியரும் நேராகக் கம்பெனியின் எல்லைக்கே பக்கத்து வீட்டுக்காரர்களாக வந்துவிடுவார்கள். அதைக் காக்கும் செலவு வங்காளத்து வருமானத்தை விழுங்கிவிடும். பாதுஷாவிடம் கொடுத்தால் அவரால் கட்டிக்காக்க முடியாது. தோற்ற ஆளையே திரும்ப உட்காரவைத்தால், நாடு வேலியாக நிற்கும், வேலியைப் பராமரிக்கும் செலவும் அவர் தலையில் விழும். பெருந்தன்மையால் நாட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்பதை இதிலிருந்தே பார்க்கலாம்.

1765 ஆகஸ்டில் அலகாபாத்தில் இரண்டு உடன்படிக்கைகள். பாதுஷாவோடு செய்ததில் வங்காளம், பீகார், ஒரிசாவின் திவானி கம்பெனிக்கு வந்தது. ஆகஸ்ட் 16இல் சுஜாவோடு செய்ததில் அவர் 50 லட்சம் ரூபாய் போர்ச் செலவு கொடுக்க வேண்டும், கோரா, அலகாபாத் பகுதிகளைப் பாதுஷாவுக்கு விட வேண்டும். போரில் கம்பெனி பக்கம் சாய்ந்த காசி அரசர் பல்வந்த் சிங்கைத் தண்டிக்கக் கூடாது. கம்பெனிச் சரக்குக்குச் சுங்கம் கிடையாது. எதிரி வந்தால் ஒருவருக்கொருவர் உதவ வேண்டும், கம்பெனிப் படை நவாபின் வேலைக்கு வந்தால் செலவு நவாபுடையது. சுஜா எல்லாவற்றுக்கும் தலையாட்டவில்லை. கம்பெனி தன் நாட்டில் வணிகக் கிடங்குகள் கட்டிக்கொள்ளலாம் என்ற சொல்லை உடன்படிக்கையில் சேர்க்கவே கூடாது என்று பிடிவாதமாக நின்று நீக்கவைத்தார். வங்காளத்தில் அந்தக் கிடங்குகளிலிருந்து என்ன முளைத்தது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 50 லட்சத்தைத் திரட்ட அவருடைய மனைவி பகு பேகம் தன் மூக்குத்திவரை கழற்றிக் கொடுத்தார் என்று அவத்தில் சொல்வார்கள். அந்த நன்றியில்தான் நாட்டின் கஜானாவையே சுஜா அவர் பொறுப்பில் விட்டார் என்பதும் அந்தக் கதையின் பகுதி. இந்தக் கஜானாவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வரும்.

சுஜா சும்மா இருக்கவில்லை. தோல்வியிலிருந்து சரியான பாடத்தைத்தான் கற்றார். ஐரோப்பிய முறையில் துப்பாக்கிப் பட்டாளங்களைத் திரட்டினார், பைசாபாத்தில் பீரங்கியும் துப்பாக்கியும் செய்தார், ஜாந்தீல் என்ற பிரெஞ்சுக்காரரை அருகில் வைத்துக்கொண்டார். கல்கத்தாவுக்கு இது பொறுக்கவில்லை. 1768இல் ஒரு புது உடன்படிக்கையோடு வந்து, உங்கள் படை 35,000 பேரைத் தாண்டக் கூடாது, அதில் எந்தப் பிரிவில் எத்தனை பேர் என்பதும் இப்படித்தான் என்று எழுதி வாங்கினார்கள். பக்சாரின் உண்மையான விளைவு எனக்கு இந்த ஆண்டில்தான் முழுசாகத் தெரிகிறது. ஓர் அரசனின் சொந்தப் படையின் அளவை அடுத்த நாட்டுக்காரன் முடிவுசெய்கிறான்.

1773இல் கம்பெனியின் வங்காள ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்ஸ் காசிக்கு வந்து சுஜாவைச் சந்தித்தார். பாதுஷா அதற்குள் மராட்டியரின் துணையோடு தில்லிக்குப் போயிருந்ததால், அவருக்குக் கொடுத்த கோராவையும் அலகாபாத்தையும் எடுத்துக்கொண்டு, அதையே சுஜாவுக்கு 50 லட்சத்துக்கு விற்றார்கள். சுஜாவிடமிருந்து பறித்த நிலத்தைச் சுஜாவிடமே விற்றது எனக்கு இன்றும் கோபம் வரவைக்கும் விஷயம். கூடவே, அவத்துக்காக நிற்கும் கம்பெனிப் படைப்பிரிவு ஒன்றுக்கு மாதம் 2,10,000 ரூபாய் என்று விலை போட்டார்கள். அடுத்த ஆண்டு 40 லட்சம் பேசி, அதே படையை வைத்துச் சுஜா, பக்கத்திலிருந்த ரோகில்லா ஆப்கானியரின் நாடான ரோகில்கண்டைப் பிடித்தார். அந்தப் போரில் ரோகில்லாத் தலைவர் ஹாபிஸ் ரஹ்மத் கான் இறந்தார். சுஜா ஏதோ வளர்ந்துவிட்டது போலத்தான் தெரிந்தது. ஆனால் அந்த வளர்ச்சியே வாடகைப் படையால் வந்தது. அரசவையில் கம்பெனியின் பிரதிநிதியாக ரெசிடென்ட் என்று ஒருவர் வந்து உட்கார்ந்ததும் இந்தக் காலத்தில்தான்.

1775 ஜனவரியில் சுஜா இறந்தார். மகன் ஆசப் உத் தவுலா பட்டத்துக்கு வந்தார். அப்பாவோடு செய்த ஒப்பந்தம் அப்பாவோடு முடிந்தது என்றது கல்கத்தா. புது ஒப்பந்தத்தில் காசிப் பகுதி முழுவதும் கம்பெனிக்குப் போனது, படைச் செலவு மாதம் 2,60,000 ஆனது. ஒவ்வொரு நவாப் இறக்கும்போதும் ஒப்பந்தம் புதிதாகும், விலை ஏறும் என்ற வழக்கம் இங்கே தொடங்குகிறது.

பிறகு நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஆசப் பட்டத்துக்கு வந்த கையோடு தலைநகரை லக்னோவுக்கு மாற்றினார். பைசாபாத்தில் அம்மா பகு பேகமும் பாட்டி நவாப் பேகமும் கஜானாவோடும் பெரிய ஜாகீர்களோடும், அதாவது வரி வருமானம் தரும் மானிய நிலங்களோடும், இருந்தார்கள். அதாவது ஒரே நாட்டில் இரண்டு அதிகார மையங்கள். லக்னோவில் மகன், பைசாபாத்தில் அம்மா. மகனிடம் கடன், அம்மாவிடம் பணம். பழைய சுஜாவின் சர்தார்களுக்குச் சம்பளம் நிலுவை, புதுப் படைகளுக்கு ஆங்கிலேய அதிகாரிகள், பட்டாளங்களில் கலகம். 1776இல் முதலமைச்சர் முக்தார் உத் தவுலாவையே வெட்டிக் கொன்றார்கள். அதன்பின் அமைச்சர் பதவிக்கு யார் வர வேண்டும் என்பதில் ரெசிடென்டின் சொல் எடுபட்டது. ஹைதர் பேக் கான் போன்றவர்கள் நவாபைவிட ரெசிடென்டின் முகத்தைப் பார்த்து நிர்வாகம் செய்தார்கள். ஓர் அரசவையில் பிரபுக்கள் பதவிக்காகப் போட்டிபோடுவது எங்கும் உள்ளதுதான். இங்கே போட்டியின் நடுவர் மாறிவிட்டார்.

நிலுவை ஏறிக்கொண்டே போனது. முன்பு ஒருமுறை பகு பேகம் 30 லட்சம் கொடுத்தபோது, இனி அவரிடம் எதுவும் கேட்கப்படாது என்று கம்பெனியே உத்தரவாதம் எழுதிக் கொடுத்திருந்தது. 1781இல் காசியில் ராஜா சேத் சிங் விவகாரம் வெடித்தது. பணம் கேட்டு நேரில் போன ஹேஸ்டிங்ஸ் அங்கே கிளர்ச்சியில் மாட்டிக்கொண்டு சுனார் கோட்டைக்குத் தப்பி ஓடினார். பேகம்கள் அந்தக் கிளர்ச்சிக்கு உதவினார்கள் என்று குற்றம் சாட்டி உத்தரவாதத்தைக் கிழித்தார். 1782 ஜனவரியில் கம்பெனிப் படை பைசாபாத்துக்குப் போனது. பேகம்களின் நம்பிக்கைக்குரிய அந்தப்புர அதிகாரிகளான ஜவாஹர் அலி கானையும் பஹார் அலி கானையும் விலங்கிட்டுச் சிறையில் வைத்து, பணம் வரும்வரை விடவில்லை. மகனின் பெயரைச் சொல்லி அம்மாவின் பெட்டியை உடைத்தார்கள். போன பணம் கம்பெனிப் படையின் சம்பளப் பாக்கிக்கு. இந்தச் செயல் பின்னால் ஹேஸ்டிங்ஸ் மீது லண்டன் நாடாளுமன்றத்தில் நடந்த விசாரணையில் முக்கியக் குற்றச்சாட்டாக வந்தது. 1795இல் அவர் விடுதலையானார். பேகம்களுக்குப் பறிபோனது முழுசாகத் திரும்பவில்லை.

ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் கடன் கதை தெரிந்தவர்களுக்கு இதெல்லாம் பழகியதாகத் தோன்றும். ஒரு வித்தியாசம் உண்டு. ஆற்காட்டில் நவாபுக்கு வட்டிக்குக் கொடுத்தவர்களில் கம்பெனி ஊழியர்களே தனியாளாக நிறையப் பேர். அவத்தில் நவாப் பெரிதாகக் கடன்பட்டிருந்தது கம்பெனிக்கேதான், அதுவும் கூலிப்படைக் கணக்கில்.

இதே ஆசபின் காலத்தில்தான் லக்னோ லக்னோவானது. தில்லியிலிருந்து மீர் தக்கி மீர் போன்ற பெரும் உருதுக் கவிஞர்கள் வந்தார்கள். 1784இல் பஞ்சம் வந்தபோது மக்களுக்கு வேலை கொடுக்கப் பெரிய இமாம்பாடா என்ற மொகரம் துக்க மண்டபத்தைக் கட்டத் தொடங்கினார். லக்னோ நவாபுகள் சோம்பேறிகள், கேளிக்கைப் பிரியர்கள் என்று சொல்பவர்களிடம் எனக்கு உடன்பாடில்லை. படை நடத்தக் கூடாது, வெளிநாட்டு உறவு கூடாது, அமைச்சரைக்கூடத் தானாக வைக்க முடியாது என்று கட்டிவைத்த அரசனுக்கு, தன் பெருமையைக் காட்ட மிஞ்சிய இடம் கட்டடமும் கவிதையும் இசையும்தான். அதை அவர்கள் அற்புதமாகச் செய்தார்கள்.

அடுத்த இருபது ஆண்டுகளை வேகமாகச் சொல்லிவிடலாம். 1797இல் ஆசப் இறந்தார். வாரிசாக வந்த வஜீர் அலியைச் சில மாதங்களில் இறக்கிவிட்டு, காசியில் கம்பெனி நிழலில் வாழ்ந்துவந்த சாதத் அலி கானைக் கூட்டிவந்து உட்காரவைத்தார்கள். விலை: ஆண்டுக்கு 76 லட்சம், கூடவே அலகாபாத் கோட்டை. மூன்றே ஆண்டில் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி, பணமாக வேண்டாம், நிலமாகக் கொடு என்றார். 1801 நவம்பரில் ரோகில்கண்ட், கோரக்பூர், கங்கைக்கும் யமுனைக்கும் இடைப்பட்ட தோவாப் பகுதிகள் என்று ஏறக்குறைய பாதி நாடு போனது. அதன் வருமானம் 1 கோடியே 35 லட்சம். நவாபின் சொந்தப் படையில் பெரும்பகுதியையும் கலைக்கச் சொன்னார்கள். அதே ஆண்டு, அதே வெல்லெஸ்லி, ஆற்காட்டு நவாபின் ஆட்சியையும் முடித்துவைத்தார்.

மிச்சமிருந்த பாதியிலும் பணம் இருந்தது. 1814இல் தொடங்கிய நேபாளப் போருக்கு அப்போதைய நவாப் காசி உத் தீன் ஹைதரிடம் கம்பெனி இரண்டு கோடி ரூபாய் கடன் வாங்கியது. ஒரு கோடிக்குப் பதிலாக நேபாளத்திடம் பிடித்த தராய் எனும் இமயமலை அடிவார நிலத்தைத் தள்ளிவிட்டார்கள். 1819இல் அவரை நவாப் பட்டத்தை விட்டு, தில்லி பாதுஷாவுக்குச் சமமாக அரசர் என்று முடிசூட்டிக்கொள்ள ஊக்குவித்தார்கள். மொகலாயக் குடைக்குக் கீழிருந்து அவத்தைப் பிரிப்பதற்கு அது வசதியாக இருந்தது. அதிகாரம் குறையக் குறையப் பட்டம் பெரிதாகிக்கொண்டே போனது.

இதில் படைவீரர்களின் பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் பதில் பாதிதான். பக்சார் வட்டாரத்துத் துப்பாக்கி வீரர்களுக்கு 'பக்சரியா' என்றே பெயர். கம்பெனியின் ஆரம்பகாலச் சிப்பாய்களையும் வங்காளத்தில் அப்படி அழைத்தார்கள். 1764க்குப் பிறகு காசி, போஜ்பூர், அவத் கிராமங்கள் கம்பெனியின் ஆள் எடுக்கும் களமாகத் திறந்துகொண்டன. நவாபின் படை சுருங்கச் சுருங்க, அதே விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் கம்பெனிச் சிவப்புச் சட்டைக்குப் போனார்கள். வங்காளப் படையின் பெரும்பகுதி இப்படி அவத்தாலும் அதைச் சுற்றிய ஊர்களாலும் நிரம்பியது. அவர்களுக்கு ஒரு தனிச் சலுகை இருந்தது. ஊரில் நிலத் தகராறு என்றால் ரெசிடென்ட் வழியாக நவாபின் தர்பாருக்கு மனு கொடுக்கலாம். கம்பெனிச் சிப்பாயின் குடும்பம் என்றால் தாசில்தாரும் யோசித்துத்தான் கைவைப்பார்.

1856 பிப்ரவரியில் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி நிர்வாகச் சீர்கேட்டைக் காரணம் காட்டி அவத்தை இணைத்துக்கொண்டார். உடன்படிக்கையில் கையெழுத்துப் போட மறுத்த அவத்தின் கடைசி அரசர் வாஜித் அலி ஷா, தன் தலைப்பாகையைக் கழற்றி ரெசிடென்ட் அவுட்ரமின் கையில் வைத்துவிட்டுக் கல்கத்தாவுக்குப் போனார். சிப்பாய்களின் மனு உரிமையும் அன்றோடு போனது, ஏனென்றால் மனு கொடுக்கத் தர்பாரே இல்லை. அவர்களுடைய ஊர்களில் புது நிலவரித் தீர்வை வந்தது.

அடுத்த ஆண்டு கிளர்ச்சி. 1857 ஜூன் 30இல் லக்னோவுக்கு வெளியே சின்ஹட்டில் அவத்தின் ஆங்கிலத் தலைமை அதிகாரி ஹென்றி லாரன்சின் படையைத் தோற்கடித்தவர்கள் அந்தச் சிப்பாய்கள்தான். ஒரு வாரத்துக்குள் வாஜித் அலி ஷாவின் மனைவியரில் ஒருவரான பேகம் ஹஸ்ரத் மகாலின் சிறு பையன் பிர்ஜிஸ் கத்ரை அரியணையில் ஏற்றினார்கள். ஏற்றும்போது நிபந்தனையும் போட்டார்கள். தில்லி பாதுஷாவின் ஆணைக்கு அவன் கட்டுப்பட வேண்டும். 1819இல் கம்பெனி கொடுத்த அரசர் பட்டத்தை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.